கிருத்திகையன்று போடாத மாத்திரை

என் கீழுதட்டின் இடது ஓரத்தில் ஒரு இடம் இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வருஷத்துக்கு நாலைந்து தடவை அந்த இடம் விழித்துக்கொள்ளும். முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுப்பு. பிறகு லேசான எரிச்சல். மறுநாள் காலையில் கடுகு கடுகாக நாலைந்து கொப்புளம், நீர் கோத்துக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அது உடைந்து, பொருக்கு கட்டி, பொருக்கு உதிர்ந்து, தோல் பழையபடி ஆவதற்கு எட்டு நாளோ பத்து நாளோ ஆகும். அதுவரை காரம் ஆகாது. பதிகம் பாட வாயைத் திறந்தால் உதடு வெடித்து ரத்தம் வரும். உற்சவத்தில் சாமியோடு வெயிலில் நாலு மாட வீதியும் சுற்றினால் கட்டாயம் வரும். காய்ச்சல் வந்தால் வரும். தறியில் அவசரச் சேலை ஏறி இரண்டு நாள் தூக்கம் கெட்டால் வரும்.

எங்கள் தெருவில் இதற்குப் பல்லி எச்சம் என்று பெயர். தூங்கும்போது உதட்டில் பல்லி எச்சமிட்டுவிட்டதாம். இந்த ஊரில் அதற்குப் பரிகாரமும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பெருமாள் கோயிலில் கூரையில் இருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் தோஷம் போகும். வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்று தொடுகிற பல்லியை, நாங்கள் சிவனைக் கும்பிடுகிற குடும்பமாக இருந்தும், நானும் நாலு தடவை போய்த் தொட்டிருக்கிறேன். குயவர் வீட்டில் காவி குழைத்துப் புண்ணைச் சுற்றிப் பூசி அக்கி எழுத வைத்திருக்கிறேன். வேப்பிலை அரைத்துப் போட்டிருக்கிறேன், வெண்ணெய் தடவியிருக்கிறேன். எதைச் செய்தாலும் பத்து நாளில் போய்விடும். எதையும் செய்யாவிட்டாலும் பத்து நாளில் போய்விடும். அதனால் எதற்குக் கேட்டது என்று சொல்ல வழியே இல்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். பட்டு நெசவு. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு என் ஒரே தங்கைக்கு என் வீடுதான் தாய் வீடு. அவளைத் தென்னேரிப் பக்கம் கட்டிக்கொடுத்து ஒன்பது வருஷம் குழந்தை இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அவள் வருவாள், ஒவ்வொரு பொங்கலுக்கும் யாராவது ஒருத்தி அவள் வயிற்றைப் பார்ப்பாள். ஒருநாள் முருகன் சந்நிதியில் நின்று நான் வேண்டிக்கொண்டேன். இவள் வயிற்றில் ஒரு உயிர் தங்கட்டும். அந்தப் பிள்ளைக்கு ஒரு வயசு முடிகிற வரை, மாசாமாசம் கிருத்திகையன்று சாயந்திர அபிஷேகம் முடிந்து திருநீறு கைக்கு வருகிற வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட என் தொண்டையில் இறங்காது.

ஏழாவது கிருத்திகையில் தங்கை போன் பண்ணினாள். அழுதுகொண்டே பேசியதால் முதலில் என்ன என்றே எனக்குப் புரியவில்லை.

எட்டாம் மாசம் அவளைப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது என் உதட்டில் பொருக்கு இருந்தது. டாக்டரம்மா தங்கையைப் பார்த்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உதட்டுல அது என்னங்க?"

"சூட்டுக் கொப்புளம்மா. அடிக்கடி வரும்."

"ஒரே இடத்துலயா?"

"ஆமாம்மா."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "இது சூடும் இல்ல, பல்லியும் இல்ல. ஹெர்பிஸ்னு ஒரு வைரஸ். சின்ன வயசுல யாராவது முத்தம் கொடுத்தப்பவே வந்திருக்கும். நெறைய பேருக்கு இருக்கு, பெரியவங்களுக்கு இது தொந்தரவுதான், ஆபத்து கிடையாது. ஆனா பச்சைக் குழந்தைக்கு வந்தா மூளை வரைக்கும் போயிடும், உயிருக்கே மோசம். புண் இருக்கும்போது குழந்தையத் தொடக் கூடாது, முகத்துக்கிட்ட முகம் போகவே கூடாது. புரியுதா?"

அசைக்ளோவிர் என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஐந்து நாள். "குறுகுறுன்னு ஆரம்பிக்கும் பாருங்க, அந்த நிமிஷமே முதல் மாத்திரை போட்டுடணும். கொப்புளம் வந்தப்புறம் போட்டா பெருசா பிரயோஜனம் இல்ல. அட்டையைக் கையிலயே வெச்சிருங்க."

வெளியே வந்ததும் முதல் வேலையாக மருந்துக் கடைக்குப் போனேன். இத்தனை வருஷமும் பல்லியைத் தொட்டுக்கொண்டு திரிந்திருக்கிறோமே என்று எனக்கு ஒரு பக்கம் வெட்கம். இன்னொரு பக்கம் நிம்மதி. ஒரு விஷயம் வரும் முன்னே தகவல் சொல்லுகிறது, அதற்கு மாத்திரையும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

பெண் குழந்தை பிறந்தது. சிசேரியன்தான். ஆனால் தாயும் பிள்ளையும் சௌக்கியம். வீட்டில் முன்கூடத்தில் தறி, பின்னறையில் தங்கையும் குழந்தையும். தறிக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாவில் இழை அறுந்தால் விரலை உதட்டில் வைத்து ஈரம் பண்ணி, அந்த ஈரத்தில் இழையை முறுக்கிச் சேர்ப்போம். முப்பது வருஷமாக நினைப்பே இல்லாமல் கை போகிற இடம் உதடுதான். டாக்டரம்மா சொன்ன பிறகு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டேன். அப்படியும் கை உதட்டுக்குத்தான் போகும், என் மனைவி அடுக்களையிலிருந்தே "கிண்ணம்!" என்று கத்துவாள். குழந்தையைத் தூக்கும் முன் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவேன். முத்தம் கொடுத்ததில்லை. உள்ளங்காலை மட்டும் என் நெற்றியில் வைத்துக்கொள்வேன்.

முப்பதாம் நாள் பேர் வைப்பதாக முடிவானது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் பிள்ளையைப் போடுவார்கள். மாமன்தான் காதில் வாயை வைத்து மூன்று முறை பேரைச் சொல்ல வேண்டும். ஒன்பது வருஷம் காத்திருந்த பேர் அது. நான் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பேர் வைப்பது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை கிருத்திகை.

அன்று விடிகாலையில் குளித்து, திருநீறு பூசி, ஈர வேட்டியோடு விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். உதட்டின் இடது ஓரத்தில் எறும்பு ஊர்ந்தது.

என் மனைவி பார்த்துவிட்டாள். "ஏங்க, உதட்டத் தடவிக்கினே இருக்கீங்களே. வந்துடுச்சா?"

"இல்ல."

"இல்லன்னா ஏன் தடவுறீங்க? மொதல்ல மாத்திரையப் போடுங்க."

"இன்னிக்குக் கிருத்திகை."

"தெரியும். அதுக்கு?"

"தண்ணி குடிக்கணும்ல."

"ஒரு முழுங்கு தண்ணி. அதுக்காவ முருகன் வேலத் தூக்கிக்கினு வரப்போறாரா?"

"வாய மூடு. புள்ள பேர்ல வெச்ச விரதம்."

"மாத்திரையும் புள்ளைக்காவத்தான் வாங்கினோம்!"

அவள் சொன்னது நியாயம் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்த விரதத்தை நான் ஒரு வருஷத்துக்கு மேல் காப்பாற்றியிருக்கிறேன். காய்ச்சலிலும் இருந்தேன், சித்திரை வெயிலிலும் இருந்தேன். குழந்தை கைக்கு வந்த பிறகு, ஒரு முழுங்குத் தண்ணீரில் அதை உடைத்து, அதனால் குழந்தைக்கு ஒன்று ஆகிவிட்டால்? மாத்திரை போடாவிட்டால் குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்கிறார். போட்டால் குழந்தைக்கு ஆபத்து என்று என் மனசு சொல்கிறது. ஒரு பகல்தானே, சாயந்திரம் போட்டுக்கொள்ளலாம் என்று அட்டையை எடுத்து முருகன் படத்தின் காலடியில் வைத்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினேன். இருபது வருஷமாகப் போகிற கோயில். அங்கே குருக்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் விரதத்தில் சந்து தேடுகிற மாதிரி இருக்கும் என்று ஒரு வீம்பு.

அன்றைக்குப் பார்த்துக் கூட்டம். அபிஷேகம் தாமதம். பால் முடிந்து சந்தனம் முடிந்து தீபாராதனை காட்டி, திருநீறு கைக்கு வரும்போது ஏழரை மணி. வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து மாத்திரையை விழுங்கினேன். அதற்குள்ளேயே உதடு தடித்திருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கண்ணாடியில் பார்த்தேன். ஐந்து கொப்புளம், வரிசையாக.

டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினேன். "எப்ப ஆரம்பிச்சுது, எப்ப போட்டீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "மாத்திரைய நிறுத்தாதீங்க, கொஞ்சம் சீக்கிரம் ஆறும். ஆனா பொருக்கு விழுந்து தோல் ஆறுற வரைக்கும் குழந்தையத் தொடாதீங்க. ஞாயித்துக்கிழமை மடியெல்லாம் கிடையாது." வைத்துவிட்டார்.

ஆத்திரம் தாங்காமல் நேரே கோயிலுக்குப் போனேன். குருக்கள் பூக்கூடையை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் திருநீறு கொடுங்கள், உதட்டில் பூச வேண்டும் என்றேன். அவர் உதட்டைப் பார்த்தார்.

"மருந்து சாப்பிடலியா?"

"நேத்து விரதம் சாமி. தண்ணிகூடக் குடிக்கிறதில்ல. அதான் காலையில போடல."

"நன்னாருக்கே! மருந்துக்கு ஏதுய்யா விரதம்? மருந்தும் அதுக்கு வேண்டிய ஜலமும் எந்தக் காலத்துலயும் தோஷமில்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?"

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பூவைப் பிரிக்கப் போய்விட்டார். கொடிமரத்தருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முருகன்மேல் கோபமா என்று இப்போது கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடத்தில் தறிக்குமேல் துணி போர்த்தி, பாய் விரித்து, தொட்டில் கட்டினார்கள். கூடத்தில் நான் இருந்தால் யாராவது குழந்தையைக் கொண்டுவந்து மடியில் போட்டுவிடுவார்கள். அதனால் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு தெருவில் நின்றேன். வேனில் தென்னேரிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். முன்னால் தங்கையின் மாமியார்.

"இன்னா தம்பி, வீட்டுக்காரரு நீங்களே தெருவுல நிக்கிறீங்க? எங்கள உள்ள வான்னு யாரு கூப்பிட்றது?"

"வாங்கம்மா, வாங்க. உள்ள போங்க. எனக்கு உதட்டுல புண்ணு. கொழந்த கிட்ட போவக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாங்க."

"புண்ணா? எங்க, துண்ட எடு." எடுத்தேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். "அட, பல்லி எச்சம்! இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? ஊருக்குள்ளயே பல்லிய வெச்சிக்கினு, போயித் தொட்டுட்டு வர்றதுக்கு இன்னா?"

தங்கை வீட்டுக்காரரின் அண்ணன் வேனிலிருந்து பழத் தட்டை இறக்கிக்கொண்டே சொன்னார்: "விடும்மா. மாமன் புது மாப்ள மாதிரி மூஞ்ச மூடிக்கினு வெக்கப்பட்றாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் போய் உதடு வலித்தது.

உள்ளே சடங்கு ஆரம்பித்தது. மாமனைக் கூப்பிடு, மாமனைக் கூப்பிடு என்று சத்தம். என் மனைவி ஏதோ சொல்கிறாள், யாரோ மறுத்துப் பேசுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் மாமியார் குழந்தையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசற்படி இறங்கி வந்தார்.

"மாமன் உள்ள வரலன்னா இன்னா? கொழந்த வெளிய வருது. புடி தம்பி. நல்ல நேரம் போவுது."

"வேணாம்மா. சொன்னாக் கேளுங்க."

"ஒன்பது வருசம் தவம் கெடந்து பெத்த புள்ள. மாமன் வாயால பேரு வேணாமா அதுக்கு?"

அவர் ஒரு அடி முன்னால் வந்தார். நான் ஒரு அடி பின்னால் போனேன். இன்னொரு அடி வந்தார். என் முதுகு எதிர்வீட்டு மோட்டார் சைக்கிளில் இடித்தது. குழந்தையின் முகம் என் நெஞ்சுக்குக் கிட்டே வந்துவிட்டது. புதுச் சட்டை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, பாதி மூடிய கண். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"கிட்ட வராதீங்க!" என்று கத்திவிட்டேன்.

குழந்தை விலுக்கென்று உடம்பை உதறி அழ ஆரம்பித்தது. தெருவில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போனது. "நான் இன்னா பேயா, பிசாசா?" என்று மெதுவாகக் கேட்டார். பதில் சொல்வதற்குள் திரும்பிவிட்டார்.

என் மனைவி ஓடிவந்து, டாக்டர் சொன்னது, வைரஸ், பச்சைப் பிள்ளை என்று விளக்கினாள். யாரும் காது கொடுக்கவில்லை. நான் வாசலைப் பார்த்தேன். என் தங்கை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். "அண்ணன் சொல்றது நெசம் அத்தே" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள், உள்ளே போனாள்.

கடைசியில் பழத் தட்டை இறக்கிய அந்தப் பெரியப்பா மடியில் குழந்தையைப் போட்டார்கள். அவர்தான் பேர் சொன்னார். காதில் சொல்கிற பேர் தெருவுக்கு எப்படிக் கேட்கும்? கைதட்டுகிற சத்தம் கேட்டபோது முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டது என் மனைவி மட்டும்தான். எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒரு இலையில் சாப்பிட்டேன். பாயசம் உதட்டில் பட்டு எரிந்தது.

பத்தாம் நாள் பொருக்கு விழுந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டு, டாக்டரம்மா பார்த்து, சரி என்றார். கையைக் கழுவிக்கொண்டு பின்னறைக்குப் போய்க் குழந்தையை வாங்கினேன். கனம் கூடியிருந்தது. அத்தனை நாளும் ஒரே வீட்டில் இருந்தும் தங்கை என்னோடு சரியாகப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு ஏம்மா வாயத் தொறக்கல? ஊரு முன்னாடி என்ன ஏதோ வெறுப்புல நிக்கிறவன் மாதிரி ஆக்கிட்டியே."

"என்னான்னு சொல்றதுண்ணா? டாக்டரு சொன்ன பேரச் சொன்னா, அவங்க ஒடனே போன்ல தேடுவாங்க. ஒங்க மாப்ளயே தேடினாரு. அதுல கெட்ட சகவாசத்துல வர்ற நோய்னும் போட்டுக்கீது. அசிங்கமா. எங்கண்ணனப் பத்தி எங்க மாமியாரு அத நெனக்கணுமா? வெறுப்புல நிக்கிறாருன்னே நெனச்சிக்கட்டும்."

அவள் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். நான் பத்து நாளாக அவளை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஆனா ஒண்ணு," என்றாள் குழந்தையின் தலையைச் சரிப்படுத்திக்கொண்டே. "காலையிலயே போட்டிருக்கலாம்லண்ணா."

"விரதம்மா. இவளுக்காவத்தான்."

"இவளுக்காவத்தான். தெரியும்."

கொஞ்சம் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

மூன்றாம் மாசம் தங்கையையும் குழந்தையையும் அழைத்துப்போக அவள் மாமியார் வந்தார். நான் எதிரே போய், "அன்னிக்கு நான் கத்தினது தப்புதாம்மா. மனசுல வெச்சிக்காதீங்க" என்றேன்.

"பரவால்ல தம்பி. மாமனுக்குப் புடிக்கலன்னா இன்னா பண்றது?"

"புடிக்காம இல்லம்மா. டாக்டரு..."

"டாக்டரு, டாக்டரு. நாலு பெத்து வளத்தவ நான். எல்லாருக்கும் வாய்ல முத்தம் குடுத்துதான் வளத்தேன்."

குருக்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, டாக்டர் சொன்னதைக் கேட்க இந்த அம்மாவுக்குக் காது வரவில்லை. இதில் யார் யாரைக் குறை சொல்வது? இருந்தாலும் விடவில்லை. தங்கையைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த வீட்டில் யாருக்கு உதட்டில் கொப்புளம் வந்தாலும், அவர் யாராக இருந்தாலும், வெட்கப்படாமல் குழந்தையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொள் என்றேன். மாமியார் என்றாலுமா என்று கேட்டாள். மாமியார் என்றாலும்தான். கோபம் வந்தால் எங்கண்ணன் சொல்லிக்கொடுத்தான் என்று என் தலையில் போட்டுவிடு. எப்படியும் அங்கே எனக்குக் கெட்ட பேர்தானே, அது ஒன்றுக்காவது உதவட்டும் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "சரிண்ணா" என்றாள்.

வேன் கிளம்பியது. அந்த அம்மா தெருவில் இருந்த எல்லோரிடமும் போய்வருகிறேன் என்று சொன்னார். குழந்தையை மடியில் வைத்து, அதன் உச்சந்தலையில் முத்தம் கொடுத்துக்கொண்டே போனார். நான் அவர் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது சுத்தமாக இருந்தது.